ஓலைக் காத்தாடிக் கட்டம்: எங்கே கோணுகிறது, எப்படி நிமிர்த்துவது

பனை ஓலையைக் கிழித்து மடித்து, நடுவில் உடைமுள்ளைக் குத்தி, காற்றுக்கு எதிரே ஓடிச் சுற்றவிடும் காத்தாடியை நெல்லைச் சீமையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே உருவத்தைத் துணியில் கொண்டுவருவதுதான் இந்தக் கட்டம். அமெரிக்க ஒட்டுத்துணி விரிப்புகளில் இது பழைய வடிவம், அங்கே ‘பின்வீல்’ என்பார்கள். நாலு இறக்கை, இரண்டே நிறம், எல்லாம் நேர்த்தையல். தையல் பழகுகிறவர்கள் முதலில் எடுக்க நல்ல கட்டம்.

ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு. வெட்டும்போது செய்த தப்பு, தேய்க்கும்போது செய்த தப்பு, எல்லாம் கடைசியில் நடுப்புள்ளியில் வந்துதான் பல்லைக் காட்டும். பழகுகிறவர்கள் நடுவையே திரும்பத் திரும்பப் பிரித்துத் தைப்பார்கள். நாலாவது தடவை துணி பிசிறிப் போகும், பிழை அங்கேயே இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும், அது தெரிகிற இடத்தோடு பிறந்த இடத்தையும் சொல்லியிருக்கிறோம்.

முதலில் சரியான கணக்கு

ஒரு கட்டத்துக்கு 5 இஞ்சுச் சதுரம் அடர்நிறத்தில் 2, வெளிர்நிறத்தில் 2. அடர் ஒன்றும் வெளிர் ஒன்றும் நல்ல பக்கம் ஒன்றையொன்று பார்க்க வைத்து, வெளிர்த்துணியின் பின்பக்கம் மூலைக்கு மூலை பென்சில் கோடு போடுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ¼ இஞ்சு தள்ளி ஒரு தையல், அந்தப் பக்கம் ¼ இஞ்சு தள்ளி ஒரு தையல். பிறகு கோட்டின் மேலேயே வெட்டினால் இரண்டு இருநிறச் சதுரம் கிடைக்கும். இரண்டு ஜோடிக்கு நாலு. விரித்துத் தேய்த்தால் ஒவ்வொன்றும் 4⅝ இஞ்சு, நம் கணக்கில் நாலரையே அரைக்கால், வரும். அதை 4½ இஞ்சாகச் சீராக நறுக்கி, இரண்டிரண்டாகச் சேர்த்து, இரண்டு வரிசையையும் சேர்த்தால் கட்டம் 8½ இஞ்சு. பக்கத்துக் கட்டங்களோடு தைத்தபின் கண்ணுக்குத் தெரிவது 8.

குழந்தைக்கு விரிக்க மூன்றுக்கு நாலாக 12 கட்டம் போட்டால் 24க்கு 32 இஞ்சு. 36 இஞ்சு அகலப் பாப்ளினில் ஒரு வரிசைக்கு 7 சதுரம் நிற்கும். 24 சதுரத்துக்கு 4 வரிசை, அதாவது 20 இஞ்சு. அரை மீட்டர் 20 இஞ்சை எட்டாது, நூலிழையில் தோற்றுப்போவீர்கள். ஒவ்வொரு நிறத்திலும் 60 சென்டிமீட்டர் வாங்குங்கள், கத்திரியில் நம்பிக்கை இல்லை என்றால் 75. நெல்லை டவுன் ரத வீதிக் கடைகளில் கிழித்துக் கொடுத்தால் நல்லது, கிழிசல் நூலோடு நேராகப் போகும். கட்டம் போட்ட பழைய சாரம், அதாவது லுங்கி, வீட்டில் எத்தனை கிடந்தாலும் முதல் தடவைக்கு வேண்டாம். அதன் கோடுகளே உங்கள் கோணலைப் போட்டுக்கொடுத்துவிடும்.

சதுரம் 4½ வரவில்லை, அல்லது கட்டம் 8¼தான் வருகிறது

இரண்டும் ஒரே நோய், பிடிக்கிற இடம் வேறு. வெட்டி விரித்த இருநிறச் சதுரம் 4½க்கும் குறைவாக இருந்தால், சாய்தையலை ¼க்கு வெளியே தள்ளிப் போட்டிருக்கிறீர்கள். ⅜ இஞ்சு தள்ளித் தைத்தாலே சதுரம் 4½ஐ எட்டாது. சதுரமெல்லாம் 4½ சரியாக இருந்து கட்டம் மட்டும் 8¼ என்றால், சேர்ப்புத் தையலில் ⅜ பிடித்திருக்கிறது: இரண்டு நாலரை 9, அதில் இரண்டு ⅜ போனால் மிச்சம் 8¼.

காரணம் பெரும்பாலும் மெஷினின் பாதம், அதாவது துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பகுதி. வீட்டிலிருக்கும் கறுப்பு மெஷினில் ஊசியிலிருந்து பாதத்தின் ஓரம் ¼ இஞ்சு இருக்கவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. பாதத்தின் விளிம்போடு துணியை ஓட்டுகிறவர்கள் அது எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் பிடிப்பார்கள். ரவிக்கை தைத்துப் பழகியவர்களுக்கு வேறு சங்கடம், கை தானாக அரை இஞ்சு பிடிக்கும்.

பள்ளிக்கூட ஸ்கேலின் நுனியிலிருந்து ¼ அளக்காதீர்கள். பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் வெறும் பிளாஸ்டிக் இருக்கும், அந்த மயிரிழை இங்கே பெரிய விஷயம். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து, நேரான விளிம்பிலிருந்து ¼ இஞ்சு உள்ளே ஒரு கோடு போடுங்கள். ஸ்கேலில் 1க்கும் 1¼க்கும் இடைப்பட்ட தூரத்தை வைத்து அளந்தால் போதும். விளிம்பு வலப்பக்கம் இருக்கும்படி அட்டையை ஊசிக்கு அடியில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசி நுனி கோட்டைத் தொடும்படி இறக்குங்கள். பாதத்தை இறக்கி அட்டையை ஆடாமல் பிடித்துக்கொண்டு, அதன் விளிம்பை ஒட்டி மெஷின் தட்டில் பிளாஸ்திரியை நாலைந்து அடுக்காக ஒட்டுங்கள். அடுக்கு ஒரு சின்ன வரப்பு மாதிரி நிற்கும், துணியின் ஓரம் அதில் உரசிக்கொண்டே போகும். துணியைக் கீழிருந்து இழுக்கும் பல் மேல் மட்டும் பிளாஸ்திரி ஏறக்கூடாது.

சோதித்துப் பார்க்க 1½ இஞ்சு அகலத்தில் மூன்று நாடா வெட்டிப் பக்கம் பக்கமாகத் தைத்துத் தேயுங்கள். நடு நாடா சரியாக 1 இஞ்சு, மொத்தம் 3½ இஞ்சு இருக்கவேண்டும். நடு நாடா குறைந்தால் வரப்பை ஊசிப் பக்கம் நகர்த்துங்கள், கூடினால் வெளியே. துணி மடங்கும் இடம் ஒன்றிரண்டு நூலைத் தின்னும், அதனால் ¼ஐவிட ஒரு நூல் குறைவாகப் பிடித்துத் தைப்பதே நல்லது.

12 கட்டமும் தைத்த பிறகுதான் பார்த்தீர்களா? எல்லாமே 8¼ என்றால் பிரிக்கவே வேண்டாம். சாய்தையல் மூலையிலிருந்து மூலைக்குப் போவதால், இரண்டு சேர்ப்புத் தையலும் ஒரே அகலமாக இருக்கும்வரை நடுப்புள்ளி சேர்ந்தேதான் வரும், அகலம் ¼ ஆனாலும் ⅜ ஆனாலும். விரிப்பு 23¼க்கு 31 இஞ்சாகச் சுருங்கும், அவ்வளவுதான். ஐந்து கட்டம் 8½, ஏழு கட்டம் 8¼ என்று கலந்து கிடந்தால்தான் தலைவலி. அப்போது பெரியதை நாலு பக்கமும் அரைக்கால் அரைக்காலாக நறுக்கிச் சின்னதோடு சமப்படுத்துங்கள். ஒரே பக்கத்தில் மொத்தமாக நறுக்கினால் காத்தாடி நடுவிலிருந்து விலகிவிடும்.

இறக்கைகள் நடுவில் சந்திக்கவில்லை

அளவு சரியாக இருந்தும் நடுவில் படி படியாக நின்றால் தேய்ப்பைப் பாருங்கள். நாலு இருநிறச் சதுரத்திலும் தையல் ஓரம், அதாவது தையலுக்கு வெளியே பின்பக்கம் நிற்கும் துணி, அடர்நிறப் பக்கமே சாய்ந்திருக்கவேண்டும். ஒன்று மாறியிருந்தாலும் கதை கெட்டது. எல்லாம் அடர்நிறப் பக்கம் இருந்தால், இரண்டு சதுரத்தை முகம் பார்த்து வைக்கும்போது மேலே இருப்பதன் ஓரம் ஒரு பக்கமும் கீழே இருப்பதன் ஓரம் மறு பக்கமும் சாயும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அந்த இடத்தை மெல்ல நகர்த்திப் பாருங்கள். மேடும் மேடும் மோதினால் கட்டியாகத் தட்டுப்படும். இன்னும் ஒரு நூல் நகர்த்தினால் ஒரு மேடு மற்றதன் பள்ளத்தில் ‘டக்’கென்று உட்காரும். அங்கேயே குண்டூசி குத்துங்கள்.

முதல் இரண்டு சேர்ப்பிலும் அதே விதி, ஓரம் அடர்நிற இறக்கைப் பக்கம். இப்படித் தேய்த்தால் மேல்வரிசை ஓரமும் கீழ்வரிசை ஓரமும் தாமாகவே எதிரெதிர் திசை பார்க்கும், கடைசித் தையலிலும் மேடு பள்ளத்தில் உட்காரும்.

கடைசித் தையலுக்கு மெஷினில் வைக்கும்போது, மேல்துணியின் சேர்ப்பு ஓரம் ஊசியைப் பார்த்துச் சாய்ந்திருக்கட்டும். பல் கீழ்த்துணியை இழுக்கும், பாதம் மேல்துணியைப் பிடித்து நிறுத்தும். அந்தத் தள்ளுதலில் இரண்டு மேடும் இன்னும் இறுகும். மாற்றி வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மேல்துணியின் பின்பக்கம் சாய்தையல்கள் வந்து கூடும் புள்ளி கண்ணுக்குத் தெரியும், கடைசித் தையல் அந்தப் புள்ளி மேலேயே போகவேண்டும். பிளாஸ்திரி வரப்பு ஒரு நூல் தள்ளிப் போகச் சொன்னாலும் புள்ளி சொல்வதைக் கேளுங்கள். புள்ளிக்கு முந்தின ஒரு இஞ்சுக்கு மிதிப்பதை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், குண்டூசியை ஊசி நெருங்கும்போது உருவுங்கள்.

அப்படியும் விலகிப்போனால் முழுத் தையலையும் பிரிக்க வேண்டாம். நடுவில் 1 இஞ்சு மட்டும் பிரித்து, புள்ளியும் புள்ளியும் சேர்த்துக் கைஊசியால் நாலு ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு, அந்த ஒரு இஞ்சை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். ஒரு நூல் விலகல் நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, அதை விட்டுவிடலாம். அரைக்கால் இஞ்சு விலகினால் விடக்கூடாது, விரிப்பு முழுக்க அதுதான் முதலில் தெரியும்.

நடுவில் புடைப்பு

நாலு சாய்தையல், இரண்டு சேர்ப்பு, கடைசித் தையல், எல்லாம் ஒரு புள்ளியில் குவிவதால் நடுவில் புளியங்கொட்டை போலத் தட்டுப்படும். இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினால் மேலே பளபளப்புதான் ஏறும், புடைப்பு அடங்காது. கட்டத்தைக் கவிழ்த்துப் போடுங்கள். முதல் இரண்டு சேர்ப்புத் தையலும் கடைசித் தையலைத் தாண்டி ஓரத்துக்குள் இரண்டு மூன்று கண்ணி நீண்டிருக்கும். அந்த இரண்டு மூன்று கண்ணியை மட்டும், இரண்டு பக்கமும், ஊசி நுனியால் எடுத்துவிடுங்கள். இப்போது கடைசித் தையலின் ஓரத்தைப் பாதி மேலும் பாதி கீழுமாகப் பிரித்து விரலால் மெல்லத் திருகினால், ஓரங்கள் நாலும் நாலு திசையில் சுற்றிப் படுக்கும். பின்பக்கம் நடுவிலும் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு குட்டிக் காத்தாடி விரியும். அது விரிந்தால் வேலை சரி. விரியாமல் ஒரு பக்கம் விறைத்து நின்றால், நாலில் ஏதோ ஒன்றைத் திசை மாற்றித் தேய்த்திருக்கிறீர்கள்.

ஒரு இறக்கை திரும்பிக்கொண்டது

சேர்ப்பு எல்லைதோறும் அடரும் வெளிரும் முட்டவேண்டும். அடரும் அடரும் முட்டினால் அங்கே காத்தாடி போய்ப் பெரிய முக்கோணம் வந்துவிடும். ஒரு சதுரத்தைத் திருப்பி வைத்ததால் வந்த வினை, பிரிப்பதைத் தவிர வழியில்லை. வராமல் தடுக்க, நாலையும் தரையில் அடுக்கி போனில் ஒரு படம் எடுத்துவிட்டுப் பிறகு மெஷினுக்குக் கொண்டுபோங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு அடுக்குங்கள். ஆனி ஆடியில் ஜன்னலையும் சாத்துங்கள், மேல்காற்றுக்கு 4½ இஞ்சுத் துண்டெல்லாம் ஒரு பொருட்டா?

நாலு சதுரத்தையும் அரைச்சுற்று திருப்பினால் காத்தாடி எதிர்த்திசையில் சுற்றும். அது பிழையில்லை. ஆனால் 12 கட்டத்தில் ஒன்று மட்டும் எதிர்த்திசை என்றால் பார்க்கிறவர்கள் பிழை என்றுதான் சொல்வார்கள். ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி வைத்துவிட்டால் அதுவே வேலைப்பாடு.

கட்டம் அலை அலையாக நெளிகிறது

தரையில் வைத்தால் ஓரம் படியாமல் அப்பளம் போல எழும்புகிறதென்றால் துணி இழுபட்டிருக்கிறது. நெடுக்கு நூலும் குறுக்கு நூலும் அசையாது. மூலைவாட்டத்தில் பிடித்து இழுத்தால் துணி ரப்பர் மாதிரி நீளும், திரும்பிப் போகாது. இந்தக் கட்டத்தின் வெட்டு மூலைவாட்டத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் முதலில் தைத்துவிட்டுப் பிறகு வெட்டச் சொல்கிறோம். முக்கோணங்களாக வெட்டிக்கொண்டு தைக்கிறவர்கள், மூலைவாட்ட ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறார்கள்.

இரண்டு சதுரத்தை நாலு பக்கமும் சுற்றித் தைத்து, மூலைக்கு மூலை இரண்டு வாட்டத்திலும் வெட்டி ஒரே மூச்சில் நாலு சதுரம் எடுக்கும் குறுக்குவழி ஒன்று உலவுகிறது. வேகம்தான். ஆனால் அதில் வரும் சதுரத்தின் வெளி ஓரம் நாலும் மூலைவாட்டம். பழகும் கைக்கு அது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது இஸ்திரி. சட்டைக்குத் தேய்ப்பதுபோல முன்னும் பின்னும் இழுக்காதீர்கள். பெட்டியைத் தூக்கி வை, எண்ணி மூன்று, தூக்கு, அடுத்த இடத்தில் வை. முதலில் மடித்தபடியே தையல் மேல் ஒரு வைப்பு, பிறகு விரித்து அடர்நிறப் பக்கம் சாய்த்து இன்னொரு வைப்பு. ஆவி வேண்டாம், ஈரம் பட்டால் மூலைவாட்டம் இன்னும் இளகும். கரிப்பெட்டி என்றால் வெள்ளைத் துணிக்கு மேல் ஒரு மல் துணியைப் போட்டுக்கொள்ளுங்கள், சாம்பல் பறக்கும்.

துணியே துவண்டு கிடந்தால் கஞ்சி போடுங்கள். குற்றாலத்தில் சாரல் பிடித்து தென்காசிப் பக்கம் காற்றெல்லாம் ஈரமாக இருக்கும் நாட்களில் இது இல்லாமல் மெல்லிய துணி கத்திரிக்குக் கட்டுப்படாது. வடித்த சோற்றுக்கஞ்சி 1 டம்ளர், தண்ணீர் 4 டம்ளர், மல் துணியில் இரண்டு தடவை வடிகட்டி, துவைத்த துணியை முக்கிப் பிழிந்து, நிழலில் முக்கால்வாசி காய்ந்ததும் தேயுங்கள். பருக்கை ஒன்று தப்பினாலும் பெட்டிக்கு அடியில் கருகி ஒட்டும். வெட்டுவதற்கு முன்னால்தான் கஞ்சி, வெட்டிய பிறகு நனைத்தால் அளவு போகும்.

ஏற்கனவே நெளிந்த கட்டத்தை ஓரளவு காப்பாற்றலாம். லேசாகத் தண்ணீர் தெளித்து, மெத்தென்ற விரிப்பின் மேல் 8½ இஞ்சு சதுரம் வரைந்து, கட்டத்தின் நாலு மூலையையும் நாலு நடுவையும் கோட்டில் குண்டூசியால் நிறுத்தி, நடுவிலிருந்து வெளியே தூக்கித் தூக்கி வைத்துத் தேயுங்கள். ஆறிய பிறகு ஊசியை எடுங்கள். அரைக்கால் வரை அடங்கும், அதற்கு மேல் என்றால் அடங்காது.

மூலை மழுங்கிப்போகிறது

காத்தாடியின் சாய்கோடு கட்டத்தின் மூலைக்குள் சரியாகப் போய் முடியாமல் பக்கத்தில் இறங்குகிறதா? 4⅝ஐ 4½ ஆக்கும்போது ஒரு பக்கமாகவே நறுக்கியிருக்கிறீர்கள். ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங்குக்கு மேலே போடும் தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒன்று வாங்கி, 4½ இஞ்சு சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை மார்க்கரால் மெல்லிய கோடு போடுங்கள். இந்தக் கோடு சாய்தையல் மேல் படிய வைத்து, நாலு பக்கமும் பென்சிலால் வரைந்து, வரைந்த கோட்டில் நறுக்குங்கள். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாய்க்காதுகளும் இதிலேயே போய்விடும். வெட்டி முடித்த துணியை அளவாக வைத்து அடுத்ததை வெட்டாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு நூல் வளர்ந்து, பத்தாவது துண்டு வேறு ஊர் போயிருக்கும்.

மெஷின் மூலையைத் தின்கிறது, கீழே நூல் கூடு கட்டுகிறது

சாய்தையல் மூலையில் தொடங்குவதால் கூரான நுனி தட்டின் ஓட்டைக்குள் போகும். ஒரு சின்னக் கழிவுத்துணியில் தையலைத் தொடங்கி, நிறுத்தாமல் அப்படியே மூலைக்குள் ஓட்டுங்கள். முடிக்கும்போது அடுத்த ஜோடியை உடனே கொடுங்கள், நூல் அறுக்காமல் தோரணம் போல வரிசையாக வந்துவிடும். பாப்ளினுக்கு 14ஆம் எண் ஊசி, மல் போன்ற மெல்லியதுக்கு 11. மொண்ணை ஊசிதான் துணியைக் குத்தாமல் உள்ளே தள்ளும்.

கூடு கீழே தெரிவதால் எல்லோரும் பாபினைத்தான் கழற்றுவார்கள். கோளாறு பெரும்பாலும் மேல்நூலில். பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல்நூலை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி கோர்த்துவிடுங்கள். பாதம் இறங்கியிருந்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே போகாமல் மேலோடு மிதக்கும். தொடங்கும்போது இரண்டு நூல் வாலையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணி இஞ்சுக்கு 12 வரட்டும். அதைவிட நீளமாக வைத்தால் வெட்டின இடத்தில் தையல் அவிழும்.

வெளிர்நிறம் வழியாக அடர்நிறம் தெரிகிறது

ஓரத்தை வெளிர்ப் பக்கம் சாய்த்துத் தேய்த்திருக்கிறீர்கள். திருப்பித் தேய்த்தால் சரியாகிவிடும்.

துவைத்தபின் வெள்ளை ரோஸ் ஆகிவிட்டது

இதை வெட்டும் முன்பே பிடிக்கவேண்டும். அரக்கு, குங்குமச் சிவப்பு, கருநீலம் மூன்றையும் எந்தக் கடையில் வாங்கினாலும் சந்தேகப்படுங்கள். துணியின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்துச் சூடாகத் தேயுங்கள். வெள்ளையில் கறை ஏறினால், அந்தத் துணியைத் தனியாகத் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். ஐந்தாறு அலசலுக்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் அதை இந்த விரிப்புக்கு எடுக்காதீர்கள். உப்புத்தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பதை நம்பி வெள்ளைக்குப் பக்கத்தில் தைக்க வேண்டாம், எல்லாச் சாயத்துக்கும் அது பலிக்காது. புதுப் பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கவும் செய்யும். அதனால் இரண்டு நிறத்தையும் துவைத்துத்தான் வெட்டவேண்டும்.

தைத்து முடித்தபின் கறை பட்டுவிட்டால் வெயிலில் போடாதீர்கள், தேய்க்காதீர்கள். இரண்டும் கறையை ஊன்றவைக்கும். ஈரம் காயும் முன்பே பெரிய அண்டாவில் சூடான தண்ணீர், சோப்புத்தூள் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, விரிப்பு தாராளமாக மிதக்கும்படி ஊறவையுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். குறைந்த தண்ணீரில் போட்டால் இறங்கிய சாயம் மறுபடி வெள்ளையிலேயே போய் ஏறும். தண்ணீர் தெளிந்து நின்ற பிறகு நிழலில் காயப்போடுங்கள். கஞ்சி போட்டுத் தைத்த விரிப்பு என்றால் சாயம் இறங்காவிட்டாலும் ஒரு முறை அலசித்தான் பெட்டிக்குள் வைக்கவேண்டும், கஞ்சி வாசனைக்கு வெள்ளிப்பூச்சி வரும்.